பள்ளி ஆண்டுகள் கூடியும் சில நாடுகள் வளராதது ஏன்?

கேள்வி (கோத்தகிரி):
1992 இல் மேன்கிவ், ரோமர், வெயில் ஆகிய பொருளியலாளர் மூவரும் மனித மூலதனத்தையும் (மக்களின் கல்வியும் திறனும்) சேர்த்துக் கணக்கிட்டு, நாடுகளின் தனிநபர் வருமான வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை விளக்க முடிகிறது என்றனர். 2001 இல் மற்றொரு பொருளியலாளர் லான்ட் பிரிட்செட்டோ, பள்ளி ஆண்டுகள் கூடிய வேகத்துக்கும் ஒரு தொழிலாளியின் உற்பத்தி வளர்ந்த வேகத்துக்கும் தொடர்பே தென்படவில்லை என்கிறார். எங்கள் ஊரிலும் வீட்டுக்கு வீடு பட்டதாரிகள் இருந்தும், பச்சைத் தேயிலைக்கு விலையில்லை என்ற கவலை தீரவில்லை. இவ்விரு முடிவுகளையும் எவ்வாறு பொருத்திப் பார்ப்பது?

மறுமொழி (குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்):
ஐயா, முதலாவது வருமான மட்டத்தைப் பற்றியது. இரண்டாவது வளர்ச்சி வேகத்தைப் பற்றியது. ஆனால் இரண்டுமே பள்ளியில் சேர்ந்தவர்களையும் படித்த ஆண்டுகளையும் எண்ணினவே தவிர, கற்றதை அளக்கவில்லை. தொழிற்சாலைக்கு வரும் இரண்டு மூட்டைகள் ஒரே எடையாக இருக்கலாம். ஒன்றில் கொழுந்தும் மற்றொன்றில் முற்றிய இலையும் இருந்தால் தூள் ஒன்றாக இராது. 1960 இல் கிழக்காசியாவுக்குப் பின்தங்காத பள்ளிக் கல்வி இலத்தீன் அமெரிக்காவில் இருந்தும் அது பின்னர் தேங்கியது. ஹனுஷெக், வோஸ்மான் என்ற பொருளியலாளர் இருவரும் பன்னாட்டுத் தேர்வு மதிப்பெண்களை வைத்துக் கணக்கிட்டபோதுதான் இந்தப் புதிர் பெருமளவு விலகியது.

மறுமொழி (கூடலூர்):
கற்றலுக்கு முன்பே உடல்நலம் வந்துவிடுகிறது. எங்கள் பகுதிப் பழங்குடிக் குழந்தைகளில் அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கு வலி வரும் நாள்களில் பள்ளியே இல்லை. உலக வங்கியின் மனித மூலதனக் குறியீடு குழந்தைகளின் உடல் வளர்ச்சிக் குறைவையும் கணக்கில் கொள்கிறது; முழுக் கல்வியும் முழு உடல்நலமும் கிடைத்தால் மதிப்பு 1; 2020 இல் இந்தியாவின் மதிப்பு 0.49.

மறுமொழி (உதகை):
ஆசிரியர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் தரம் மட்டும் போதாது. படித்தவருக்கேற்ற வேலை பெருகவில்லை என்பதும் பிரிட்செட் கூறிய காரணங்களுள் ஒன்று. தென்கொரியாவில் பள்ளிகளோடு ஏற்றுமதித் தொழில்களும் வளர்ந்தன. இங்கே வளர்த்துப் படிக்க வைக்கும் செலவு மலையில். பிள்ளைகளின் உழைப்பு கோவையின், பெங்களூரின் உற்பத்திக் கணக்கில்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வளர்ந்த நாடு என்பதாலேயே மதிப்பெண் உயர்ந்திருக்கலாம் அல்லவா?

மறுமொழி (குன்னூர்):
நியாயமான ஐயம். அதற்காகவே ஹனுஷெக்கும் வோஸ்மானும் அமெரிக்காவில் குடியேறியவர்களின் ஊதியத்தைப் பார்த்தனர். தாய்நாட்டில் படித்துவிட்டு வந்தவர்களின் ஊதியம் அந்நாட்டு மதிப்பெண்ணை ஒட்டி அமைந்தது. அதே நாட்டிலிருந்து சிறுவயதில் வந்து அமெரிக்காவில் படித்தவர்களிடம் அத்தொடர்பு காணப்படவில்லை.