‘டார்னிஷ்’ என்பதற்குத் தமிழ்: கறுப்பேறலும் கறுப்பேற்றலும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கைவினை நகைகளின் பராமரிப்புக் குறிப்பேட்டில் ‘டார்னிஷ்’ (உலோகத்தின் மேற்பரப்பு நாளடைவில் நிறம் மாறுதல்) என்று வரும் இடங்களுக்குத் துரு, களிம்பு, மங்கல் என மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. வெள்ளிக்கு இம்மூன்றும் பொருந்தா என்பது என் கருத்து. துரு இரும்புக்கு உரியது. களிம்பு செம்புக்கும் பித்தளைக்கும் உரியது. ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொன்ன சைவ சித்தாந்தம் தொடங்கி நம் வீட்டுக் குத்துவிளக்கு வரை அச்சொல் பொருள் மாறாமல் வழங்கிவருகிறது. மங்கல் என்பதோ விளைவை மட்டும் சொல்கிறது. வியர்வையும் எண்ணெயும் படிந்தாலும் நகை மங்கும். சோப்பு நீரில் கழுவினால் அந்த மங்கல் போய்விடும்.

வெள்ளியில் நிகழ்வது வேறு. காற்றில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு படலமாகிறது. அது முதலில் இளமஞ்சளாகத் தோன்றி, பழுப்பாகி, இறுதியில் கறுக்கிறது. கொலுசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால், ரப்பரில் உள்ள கந்தகத்தால் அது பட்ட இடத்தில் மட்டும் கருங்கோடு விழுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 92.5 விழுக்காடு வெள்ளியும், எஞ்சியதில் பெரும்பாலும் செம்பும் சேர்ந்த ஸ்டெர்லிங் வெள்ளி, சுத்த வெள்ளியைக் காட்டிலும் விரைவாகக் கறுக்கும். அந்தப் படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. நகையின் வெள்ளியே உருமாறி அதில் இருக்கிறது. ஆகவே பற்பசையால் அழுத்தித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் நகை சிறிது தேய்கிறது. புளியும் எலுமிச்சையும் களிம்பைக் கரைக்கும். வெள்ளியின் கறுப்போ அவற்றுக்கு அசையாது. களிம்பு என்று நாம் எழுதினால், படிப்பவர் புளியைத்தான் கரைப்பார்.

துருவேறுதல், களிம்பேறுதல் என்ற வினைகள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. ‘கொலுசு கறுத்துப்போச்சு’ என்பதே பேச்சு வழக்கும். இவற்றின் வழியில், வெள்ளிக்குக் ‘கறுப்பேறல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். (கறுத்தல் என்ற வினையிலிருந்து வருவதால் வல்லின றகரத்தையே கொள்ள வேண்டுகிறேன்.)

இச்சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைகளில் ‘ஆக்சிடைஸ்டு சில்வர்’ என்று விற்கப்படும் வெள்ளி நகைகளைப் பொதுவாகப் பொட்டாசியம் சல்ஃபைடு கரைசலில் முக்கிக் கறுக்க வைத்து, மேடான பகுதிகளை மட்டும் மெருகிட்டு, பள்ளங்களில் கருமையை நிறுத்துகிறார்கள். அங்கே உண்டாவதும் சல்ஃபைடே என்பதால், அதை ‘ஆக்சிஜனேற்ற வெள்ளி’ என்று பெயர்ப்பது வேதியியலுக்கே முரண். தானாக நிகழ்வது கறுப்பேறல் என்றால், கைவினைஞர் வேண்டுமென்றே செய்வது ‘கறுப்பேற்றல்’. ஓர் எழுத்தே வேறுபடுவதால் குழப்பம் வரும் என்று சிலர் கருதக்கூடும். ஆனால் ஏறு, ஏற்று என்ற தன்வினை, பிறவினை வேறுபாடு தமிழ் பேசும் எவருக்கும் காதில் விழுந்தவுடன் விளங்கும்.

இந்த வேறுபாட்டின் தேவையை நான் வீட்டிலேயே கண்டேன். என் தங்கையின் வெள்ளி ஜிமிக்கியோடு வந்த துண்டுச்சீட்டில் ‘கறுத்தால் சோடாவில் இடவும்’ என்று மட்டும் இருந்தது. அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்தில் ஜிமிக்கியை வைத்து, சமையல் சோடாவும் கொதிநீரும் ஊற்றினோம். கந்தகம் வெள்ளியை விட்டு விலக, அழுகிய முட்டையின் வாடை எழுந்தது. சில நிமிடங்களில், மயில் தோகையின் கண்களைக் காட்டிய கருமை முழுவதும் மறைந்து, ஜிமிக்கி வெறும் வெள்ளைத் தகடாக நின்றது. கறுப்பேறிய கொலுசுக்கு மிக நல்ல அந்த முறையே, கறுப்பேற்றிய ஜிமிக்கியின் வேலைப்பாட்டை அழித்துவிட்டது.

எனவே குறிப்பேட்டில் பின்வரும் வரிகளைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கிறேன்: “கறுப்பேறிய வெள்ளியை அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் இட்ட வெந்நீரில் தூய்மை செய்யலாம். கறுப்பேற்றிய வெள்ளியையும், முத்தோ ஒட்டிய கற்களோ உள்ள நகையையும் அதில் இடலாகாது. மென்துணியால் மேலாகத் துடைத்து, காற்றுப் புகாத பையில் வைக்கவும்.”

அன்புடன்.