தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு பழைய மிலிட்டரி ஜீப் வாடகைக்கு எடுக்கலாமா?

வேலூர்ப் பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். வரும் தை மாதம் எங்கள் தாத்தாவுக்கு சதாபிஷேகம். 1964இல் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்து 20 வருஷம் வண்டி ஓட்டிவிட்டு பென்ஷனில் வந்தவர். எங்கள் ஊர் கம்மவான்பேட்டைக்குப் பக்கம், அந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு ஏன் பட்டாளத்து டிரங்குப் பெட்டி இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. கோவிலில் இருந்து மண்டபம் வரை 2 கிலோமீட்டர் அவரையும் பாட்டியையும் ஜோங்கா என்ற பழைய ராணுவ ஜீப்பில் உட்காரவைத்து ஊர்வலமாக அழைத்துவர வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். விசாரித்ததில் ஒருவர் அனுப்பிய போட்டோவில் வண்டி அச்சு அசல் ராணுவப் பச்சை, நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய அம்புக்குறி எல்லாம் அப்படியே இருக்கிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறார். கொடுக்கலாமா? வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

கோத்தகிரி ஜீப்:
முதலில் பணத்தைக் கொடுக்காதீர்கள் தம்பி. நேரில் போய், காலையில் இன்ஜின் சூடாகும் முன்பு ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பாருங்கள். நான் 25 வருஷமாக பழைய ஜீப் வைத்திருக்கிறேன், சொந்தக்காரர்கள் கல்யாணங்களுக்கு மட்டும் கொண்டுபோவேன், வாடகைக்கு விடுவதில்லை.

ஊர்வலம் என்பது இந்த வண்டிகளுக்கு மிகக் கஷ்டமான வேலை. மலையேறுவதைவிடக் கஷ்டம். ஜோங்காவில் இருப்பது 6 சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தால் ரேடியேட்டருக்குக் காற்றே வராது, பம்புக்கு வரும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும். போன வருஷம் என் அக்கா மகன் கல்யாணத்தில் பூ அலங்காரம் செய்தவர் முன் கிரில் முழுக்க சாமந்தி மாலையைச் சுற்றிவிட்டார். நான் கவனிக்கவில்லை. 10 நிமிஷத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய், மூடியைச் சுற்றிக் கொதிநீர் பொங்கி, பூவெல்லாம் அவிந்துபோன வாசனை. அன்றைக்கு மாப்பிள்ளை இறங்கி நடந்துதான் போனார். அதனால் மாலையை பானெட் மேலும் பக்கவாட்டிலும் கட்டச் சொல்லுங்கள், கிரில் திறந்தே இருக்கட்டும். சரவெடி வேண்டவே வேண்டாம், பழைய பெட்ரோல் டேங்க், பழைய மூடி.

இன்னொன்று, மெதுவாகப் போகத்தானே என்று சிலர் லோ கியரைப் போடுவார்கள். பழைய வில்லிஸ் மாதிரி ஜீப்புகளில் முன் ஆக்சிலையும் சேர்த்தால்தான், அதாவது முன் சக்கரங்களுக்கும் இன்ஜின் இழுவை போனால்தான், லோ விழும். காய்ந்த தார் ரோட்டில் நேராகப் போகும்வரை சரி, தேரடி முக்கில் திருப்பும்போது ஸ்டியரிங் கல்லாகிவிடும். வண்டி யாருடையதோ அவரே ஓட்டட்டும், ஆக்டிங் டிரைவர் கையில் கொடுக்கக் கூடாது.

சூட்டிங் வண்டி:
ஜீப் அண்ணன் இன்ஜினைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் பேப்பரைப் பற்றிச் சொல்கிறேன். படப்பிடிப்புகளுக்கு வண்டி ஏற்பாடு செய்வதுதான் என் தொழில்.

அந்தப் போட்டோவில் இருக்கிற அம்புக்குறி நம்பர் ராணுவத்துக்கு மட்டும் உரியது. ஏலத்தில் வெளியே வந்த வண்டிக்கு ஆர்.டி.ஓ.வில் சாதாரண நம்பர் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பச்சை நிறமும் அப்படித்தான், மத்திய மோட்டார் வாகன விதி 121ன்படி ராணுவத்தைத் தவிர வேறு யாரும் ஆலிவ் கிரீன் அடிக்கக் கூடாது. ஆகவே ஆர்.சி.யை வாங்கி நிறம், எரிபொருள், சேஸிஸ் நம்பர் மூன்றையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்ரோல் என்று ஆர்.சி.யில் இருக்கும், உள்ளே டீசல் இன்ஜின் இருக்கும், இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவதே தப்பு, ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு, அதாவது நம்பரில் வி.ஏ. என்று வருமே, அந்த வண்டியையும் வணிகத்துக்காக ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை. இதையெல்லாம் சொல்லி பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். நாங்கள் செய்வது என்னவென்றால், வண்டியை கேரியர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மண்டப வளாகத்துக்குள் இறக்கிவிடுவோம், ரோட்டுக்கே விடமாட்டோம். கேட்டில் இருந்து மண்டப வாசல் வரை வந்தாலே போதும், போட்டோவுக்கும் அதுதான் நல்லது. அப்புறம் வண்டியில் தேசியக் கொடி கட்ட வேண்டாம். காரில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர்கள் போன்றவர்களுக்கு மட்டும்தான்.

வேலூர்ப் பேரன்:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். ஆர்.சி. கேட்டேன், அதற்குப் பிறகு அவரிடமிருந்து பதிலே இல்லை. மண்டபத்துக்கு உள்ளே நல்ல பெரிய வளாகம் இருக்கிறது, அப்படியே செய்துவிடலாம் என்று தோன்றுகிறது.

மெட்ராஸ் சாப்பர்:
தம்பி, நான் பெங்களூர் எம்.இ.ஜி., அதாவது ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், அந்த உரிமையில் கேட்கிறேன். தாத்தா ஓட்டியது ஜோங்காதானா? யாராவது அவரிடம் கேட்டீர்களா?

ஜோங்கா என்றால் பெரும்பாலும் ஆபீசர் போகும் வண்டி. ஜபல்பூரில் செய்தது, பெயரே ஜபல்பூர் ஆர்டனன்ஸ் அண்டு கன் கேரியேஜ் அசெம்ப்ளி என்பதைச் சுருக்கி வைத்ததுதான். அதுவும் 1960களின் கடைசியில்தான் வந்தது. ராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோகும் ஏ.எஸ்.சி. பிரிவு டிரைவர் என்றால் ரேஷன், குண்டு, ஆள் என்று சுமந்த லாரிதான் அவருக்கு வீடு. எனக்குத் தெரிந்த டிரைவர்கள் ராத்திரி ஸ்டியரிங்குக்குக் கீழேயே கம்பளியைப் போர்த்திப் படுப்பார்கள், பனியில் விடியற்காலை எழுந்து ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றுவார்கள். பின்சீட்டில் மாலையோடு உட்காரவைப்பது உங்கள் ஆசை. அவருடைய ஆசை வேறாக இருக்கலாம். ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டும் என்று மறைக்காமல் கேட்டுவிடுங்கள்.

வேலூர்ப் பேரன்:
ஐயா, நேற்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். "ஜோங்கா சாப் வண்டிடா, என் வண்டி சக்திமான்" என்றார். 71 சண்டையில் மேற்கு எல்லையில் அந்த லாரியைத்தான் ஓட்டினாராம், விளக்கே போடாமல், முன்னால் போகும் லாரியின் பின் ஆக்சிலுக்கு அருகில் இருக்கும் சின்ன வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு. இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கியர் போடுவதைச் சொல்லும்போது கிளட்சை இரண்டு தடவை மிதித்துக் காட்டினார், மேஜைக்கு அடியில் கால் தானாகப் போகிறது. சக்திமான் எங்காவது கிடைக்குமா?

கோத்தகிரி ஜீப்:
கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். ஜெர்மனியின் மான் (MAN) கம்பெனி உரிமத்தில் 1959 முதல் செய்த லாரி அது. ஏலத்தில் போன பல வண்டிகள் கேரளப் பக்கம் கூப்பில், அதாவது காட்டில் மரம் வெட்டும் இடத்தில், மரம் இழுத்தன. எனக்குத் தெரிந்த ஒரு மர டிப்போவில் ஒன்று நிற்கிறது. ஓடும், பிரேக்கை மட்டும் நம்ப மாட்டேன், அதனால் ஓட்டும் யோசனை வேண்டாம். கேரியரில் கொண்டுவந்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் செய்யலாம். சொந்தக்காரரிடம் பேசிவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தியில் சொல்கிறேன். படி ரொம்ப உயரம், தாத்தா ஏறுவதற்கு அகலமான மரப்படி ஒன்று இப்போதே செய்யச் சொல்லிவிடுங்கள், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியோடு.

வேலூர்ப் பேரன்:
ஆசாரியிடம் இன்றே சொல்லிவிடுகிறேன் அண்ணா. தரையில் இருந்து கேபின் கதவு வரை எத்தனை அடி என்று மட்டும் அளந்து சொல்ல முடியுமா?