'பிளேம்!' வசனமில்லாத பக்கங்கள்: கதை சொல்கின்றனவா, மறைக்கின்றனவா?

கரிக்கோடு:
இருண்ட அறிவியல் புனைவு மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) என்று யார் பேச்செடுத்தாலும் சுதோமு நிஹெயின் 'பிளேம்!' வந்துவிடுகிறது. 1997 முதல் 2003 வரை கோதன்ஷாவின் 'ஆஃப்டர்நூன்' மாத இதழில் வந்த தொடர், 10 தொகுதிகள். கட்டடங்கள் பிரமாதம், அதில் எனக்கு வழக்கில்லை. "காட்சியாலேயே கதை சொல்வதன் உச்சம்" என்கிறார்களே, அதில்தான் வழக்கு. கில்லி என்ன தேடுகிறான்? நோய்படாத வலைமுனைய மரபணு, அதாவது நகரத்தை இயக்கும் வலையோடு இணையவைக்கும் மரபணு, உள்ள மனிதனை. அது இல்லாதவர்களை 'சேஃப்கார்ட்' என்ற காவல் இயந்திரப் படை ஏன் கொல்கிறது, கட்டும் இயந்திரங்கள் ஏன் நிற்காமல் கட்டிக்கொண்டே போகின்றன? இத்தனையும் நமக்குத் தெரியவருவது வசனத்தில்தான். படம் சூழலைச் சொல்கிறது, கதையைச் சொல்லவில்லை. சண்டை வந்தாலோ பக்கத்தின் மூன்றாவது படக்கட்டத்திலேயே யார் எங்கே நிற்கிறார் என்பது தொலைந்துவிடும். ஒட்டோமோவின் 'அகிரா'வை (1982–1990) பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

தூண்நிழல்:
//படம் சூழலைச் சொல்கிறது, கதையைச் சொல்லவில்லை//

'பிளேம்!'-இல் சூழல்தான் கதை. ஆளில்லாமல் வளர்ந்துகொண்டே போகும் ஒரு நகரம், அதில் ஒருவன் நடக்கிறான். அவன் பெயர் கில்லி (நம்ம ஊரில் அந்தப் பெயரைக் கேட்டதும் வேறு முகம் நினைவுக்கு வரும், இவனோ வாயே திறக்க மாட்டான்). அவன் பேசாததால் தூரத்தைப் படம்தான் சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். வலமிருந்து இடமாகப் படிக்கும் இரட்டைப் பக்கத்தில் கண் நுழையும் இடம் மேல் வலது மூலை, வெளியேறும் இடம் கீழ் இடது மூலை. மனித உருவத்தை மேல் வலதில் வைத்தால் முதலில் ஆள், பிறகு கட்டடம்; "பெரிய இடத்தில் ஒருவன்" என்பதோடு சரி. அதே உருவத்தைக் கீழ் இடதில் வைத்தால் கண் முதலில் கட்டடத்தைப் பார்க்கிறது, மனதுக்குள் ஓர் அளவை ஊகிக்கிறது, கடைசியில் ஆளைக் கண்டதும் அந்த ஊகம் உடைகிறது. பார்வையாளன் ஒரே படத்தை இரண்டு தடவை பார்க்கிறான். இதற்கு வசனம் வேண்டாம்.

கில்லியின் துப்பாக்கியும் அப்படியே. கையடக்கமான சின்னப் பொருள். கில்லி குறிபார்க்கிறான், அடுத்து வெளிச்சம், அடுத்து எதிரே இருந்ததெல்லாம் போய், சுவருக்குப் பின் சுவராக நேர்கோட்டில் ஒரு துளை. அவனையே பின்னால் எறியும் உதைப்பு. கதிர் பாய்வதை நீட்டி வரைந்தால் அது வெறும் கோடு. முன்னும் பின்னும் மட்டும் காட்டினால் நடுவில் நடந்ததை வாசகன் கணக்குப் போடுகிறான்.

கரிக்கோடு:
துப்பாக்கிக்கு ஒத்துக்கொள்கிறேன். அது ஒரே திசை, ஒரே விளைவு, யார் வரைந்தாலும் குழப்பம் வராது. கைகலப்புக்கு வாருங்கள்.

குழப்பத்துக்கு மூன்று காரணம். ஒன்று, இடத்தைக் காட்டும் அகலக் கட்டம் இல்லாமல் நேராக நெருக்கத்துக்குப் போவது. இரண்டு, அச்சுக்கோடு (இருவரை இணைக்கும் கற்பனைக் கோடு) தாண்டுவது: அ இடப்பக்கம், ஆ வலப்பக்கம் என்று நிறுத்திவிட்டு, அடுத்த கட்டத்தில் நடுநிலைக் கட்டம் ஒன்றும் இல்லாமல் பார்வையை மறுபுறம் கொண்டுபோனால் இருவரும் இடம் மாறித் தெரிவார்கள். திரைப்படத்திலாவது அசைவு கைகொடுக்கும், காகிதத்தில் அதுவும் கிடையாது. மூன்றாவதுதான் பெரிய வியாதி: உருவமும் பின்னணியும் ஒரே அடர்த்தி. சேஃப்கார்டின் வெள்ளை முகமூடி தெரியும்வரை சரி. அது திரும்பிவிட்டால், குழாயும் கம்பியுமான உடம்பு, குழாயும் கம்பியுமான சுவரில் கரைந்துவிடும்.

'அகிரா' மூன்றாம் தொகுதியின் முடிவைப் பாருங்கள். நகரமே அழிகிறது, பக்கம் பக்கமாக வசனம் கிடையாது. ஆனாலும் குழப்பமில்லை. அதற்கு முன்பே அரசியல்வாதி நெஜு சுட்ட குண்டு சிறுவன் தகாஷியைக் கொல்வதும், அதைக் கண்டு பேராற்றல் கொண்ட சிறுவன் அகிரா வெடிப்பதும் கட்டம் கட்டமாகக் காட்டப்பட்டாகிவிட்டது. காரணத்தை முதலில் நட்டுவிட்டார், அதனால் பிறகு எத்தனை பக்கம் மௌனமாக இருந்தாலும் தாங்கும்.

மைப்புட்டி:
இருவருமே எந்த அளவுப் புத்தகத்தை வைத்துப் பேசுகிறீர்கள் என்று சொல்லவில்லை. வழக்கு பாதி அங்கேதான் இருக்கிறது.

மங்காக்காரர்கள் வழக்கமாக வரைவது பி4 தாளில். அச்சில் வெட்டப்படும் எல்லை 220 × 310 மி.மீ., உள்சட்டம் 180 × 270. இதழில் அது பி5 (182 × 257) ஆகிறது, அதாவது 83 விழுக்காடு. பி6 தொகுதியில் (128 × 182) 58 விழுக்காடு. மூலத்தில் 4 மி.மீ. உயரத்தில் நிற்கும் ஆள் தொகுதியில் 2.3 மி.மீ. 0.1 மி.மீ. கோடு 0.06 ஆகிவிடும், மட்டமான தாளில் அது உடையும், அல்லது பக்கத்துக் கோட்டோடு மை பரவி ஒட்டிக்கொள்ளும். நிறைய குறுக்குக்கோடு போட்டுச் சாம்பல் நிறம் காட்டிய இடங்கள் அச்சில் கறுப்புத் திட்டாவது இதனால்தான். கரிக்கோடு சொல்லும் "ஒரே அடர்த்தி"யில் ஒரு பங்கு அச்சின் பழி.

இரட்டைப் பக்கத்தில் நடுமடிப்பு வேறு விழுங்கும். தடித்த ஒட்டுக்கட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே போய்விடும், ஆகவே முகம், கை, ஆயுதம் எதையும் அங்கே வைக்கக் கூடாது. தூணோ சுவரோ போனால் நஷ்டமில்லை.

ஆங்கிலத்தில் 2016–17-இல் வெர்ட்டிகல் பதிப்பகம் இதையே 6 பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. பழைய சின்னப் புத்தகத்தையும் அதையும் அருகருகே விரித்தால், சுவரில் கரைந்த உருவங்கள் பல வெளியே வரும். எல்லாம் வராது.

பெட்டிச்செய்தி:
கைப்பேசியில் படிப்பவன் என்ன செய்ய? இரட்டைப் பக்கத்தைச் செயலி இரண்டாக வெட்டிவிடுகிறது.

மைப்புட்டி:
வெட்டாவிட்டாலும் பயனில்லை. 70 மி.மீ. அகலத் திரையில் 256 மி.மீ. இரட்டைப் பக்கத்தை அடைத்தால், அந்த 2.3 மி.மீ. ஆள் 0.6 மி.மீ. புள்ளி. தூண்நிழல் சொன்ன "இரண்டு தடவை பார்ப்பது" நடக்கவே நடக்காது. கைப்பேசியைப் படுக்கவையுங்கள், இல்லையென்றால் டேப்லெட்.

தூண்நிழல்:
கணக்குக்கு நன்றி. அப்படியானால் வழக்கு என் பக்கம்தான் சாய்கிறது: வரைந்தவர் தெளிவாகத்தான் வரைந்திருக்கிறார்.

கரிக்கோடு:
அப்படி எளிதில் தப்ப முடியாது. 58 விழுக்காட்டுக்குச் சுருங்கும் என்பது வரைபவருக்குத் தெரிந்த விஷயம்தானே? அதை மனதில் வைத்து வரைவதும் தொழிலில் சேர்த்தி. 'அகிரா'வின் இடிபாடுகளிலும் ஜன்னல் ஜன்னலாக நுணுக்கம் உண்டு. ஆனால் ஆள் வரும் இடத்தில் பின்னணி வெளுத்துவிடும், அல்லது ஒரே டோனில் (புள்ளிகளால் ஆன சாம்பல் நிழலில்) அடங்கிவிடும்.

நிஹெயே பிறகு மாறினார் என்பதையும் பாருங்கள். 2009–2015-இல் வந்த 'நைட்ஸ் ஆஃப் சிடோனியா'வில் வெள்ளை அதிகம், கோடு சுத்தம், வசனமும் நிறைய. பழைய முறையில் குறையே இல்லையென்றால் மாறுவானேன்?

தூண்நிழல்:
//மாறுவானேன்?//

கதை மாறியது, முறையும் மாறியது. சிடோனியாவில் ஒரு கப்பல் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பேசத்தான் வேண்டும். கூட்டத்தை வரையத் தெளிந்த கோடு, தனிமையை வரையக் கீறல் கோடு. 'பிளேம்!' உள்ளேயே மாற்றம் இருக்கிறது: முதல் தொகுதிகளில் கனத்த கறுப்பு, போகப்போகக் கோடு மெலிந்து வெளிச்சம் கூடுகிறது. 2003-க்குள்ளேயே நடந்ததை 2009-இன் பாவமன்னிப்பாகக் காட்டாதீர்கள். :)

பெட்டிச்செய்தி:
நான் பார்த்த 'அகிரா' இடமிருந்து வலம். அதில் தூண்நிழலின் மேல் வலது, கீழ் இடதுக் கணக்கு தலைகீழாகிவிடாதா?

மைப்புட்டி:
ஆகாது. 1988-இல் மார்வெலின் எபிக் பிரிவு வண்ணத்தில் கொண்டுவந்த பதிப்பு பக்கத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியது. முழுப் பக்கமும் திரும்பினால் கண் ஓடும் வழியும் சேர்ந்தே திரும்பும். வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆவார், படத்துக்குள் இருக்கும் எழுத்து கெடும், அவ்வளவுதான். உண்மையான சேதம், பக்கத்தைத் திருப்பாமல் கட்டங்களை மட்டும் வெட்டி இடம் மாற்றினால் வரும். 2017-இல் வந்த 35-ஆம் ஆண்டுப் பெட்டிப் பதிப்பு மூலத்தைப் போல வலமிருந்து இடம்.

கரிக்கோடு:
முடிவைப் பற்றி யாரும் பேசவில்லையே. (படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகவும்.) கடைசிப் பக்கத்தில் கில்லியும், பாதுகாப்பு உடை போட்ட ஒரு சின்னக் குழந்தையும். வசனமே இல்லை. குழந்தை யார், எத்தனை காலம் கடந்தது, தேடியது கிடைத்ததா? உங்கள் "வாசகன் கணக்குப் போடுகிறான்" என்பது இங்கே போடமுடியாத கணக்கு.

தூண்நிழல்:
போடமுடியும். கில்லியோடு பயணித்த சிபோ விட்டுச்சென்ற அந்த உருண்டையை அவன் சுமந்து போவதை முன்பே காட்டியாயிற்று. உருண்டை இருந்த இடத்தில் குழந்தை. காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் முகமூடி. அதாவது நோய்படாத உடம்பு. அவன் இத்தனை தொகுதிகள் தேடியதும் அதைத்தானே? நீங்கள் 'அகிரா'வில் பாராட்டிய அதே உத்தி: காரணத்தை முன்கூட்டி நட்டுவிட்டு, விளைவை மௌனமாகக் காட்டுவது.

கரிக்கோடு:
...சரி, அந்தப் பக்கம் உங்களுக்கு. முகமூடியை நான் வெறும் உடையாகத்தான் பார்த்தேன். ஆனாலும் "நோய்படாத உடம்பு முக்கியம்" என்ற தகவல் வசனத்தில்தான் வந்தது. கைகலப்புப் பக்கங்களும் இன்னும் என் கணக்கில்தான் நிற்கின்றன.

மைப்புட்டி:
அதற்குச் சோதனை எளிது. சந்தேகமான பக்கத்தைப் படமெடுத்து, அகலம் 2 செ.மீ. ஆகும்வரை சுருக்குங்கள். வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றும் தனித்தனித் திட்டாகத் தெரிந்து, ஆள் அவற்றில் ஒன்றில் முழுசாக நின்றால் பக்கம் தேறிவிட்டது. மூன்று நிறத்திலும் சிதறிக் கிடந்தால் கரிக்கோடு சொல்வது சரி. வரைபவர்கள் மை தொடுவதற்கு முன்பே, பென்சில் நிலையில் இதைச் செய்யலாம். கணினியில் வரைந்தால் டோனை மட்டும் கடைசி அளவில், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) கறுப்பு-வெள்ளை இருநிறக் கோப்பில் போடுங்கள். போட்ட பிறகு சுருக்கினால் புள்ளிகள் மோதி அலை அலையாகத் தெரியும், அப்புறம் எந்தச் சோதனையும் காப்பாற்றாது.

தூண்நிழல்:
நான்காம் தொகுதியிலிருந்து பத்துப் பக்கம் சுருக்கிப் பார்க்கிறேன். பக்கங்களைக் கரிக்கோடு தேர்ந்தெடுக்கட்டும்.

கரிக்கோடு:
கைகலப்புதான், ஒரு துப்பாக்கிப் பக்கமும் கிடையாது. நாளைக்குப் பட்டியல் தருகிறேன்.