1954 வீட்டு கிச்சன்: கவுன்டர்ல பதிச்சிருக்கிற இந்த ஸ்டீல் தட்டு என்னது?

ரசப்பொடி:
வணக்கம் மக்களே, அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்துல, கிளீவ்லேண்ட் பக்கம் ஒரு ராஞ்ச் வீடு (மாடி இல்லாத தனி வீடு) வாங்கியிருக்கோம், 1954-ல கட்டினது, கிச்சன்ல அதுக்கப்புறம் யாரும் கையே வைக்கல போல. கபோர்டு பூரா இரும்பு, சாத்தினா அம்பாசிடர் கார் கதவு மாதிரி சத்தம் வருது 😀 கவுன்டர்ல உள்ளங்கையைவிட கொஞ்சம் பெரிய ஸ்டீல் தட்டு ஒண்ணு பதிச்சிருக்கு, அதுல திருகுற நாப், நேர் கீழ கபோர்டுக்குள்ள மோட்டார் தொங்குது. அப்புறம் ஒரு டிராயர்ல உள்ள பூரா தகரம், மேல ஓட்டை ஓட்டையா இழுத்து மூடுற மூடி. சைடு வாசல்கிட்ட செவுத்துல குட்டியா ஒரு கதவு, வெளிப்பக்கமும் அதே மாதிரி இன்னொண்ணு. கான்ட்ராக்டர் எல்லாத்தையும் பேத்து எறிஞ்சிடலாம்ங்கிறார், எங்க வீட்டுக்காரரும் அதுக்கு தலையாட்டுறார், எனக்குத்தான் மனசு வரல.

பழையவீட்டு_பைத்தியம்:
ஐயோ பேக்காதீங்க!! அந்த தட்டு நியூடோன் ஃபுட் சென்டரா இருக்கும், சின்சினாட்டி கம்பெனி. ஒரே மோட்டார், மேல பிளெண்டர் ஜாரை வெச்சா பிளெண்டர், கிண்ணத்தை வெச்சா மிக்சர், கத்தி தீட்டுறதுக்குக்கூட தனியா ஒண்ணு உண்டு. ஜார் எல்லாம் ஈபேல கிடைக்கும், வாங்கறதுக்கு முன்னாடி மோட்டார்ல மாடல் நம்பரை பாத்துக்கோங்க, எல்லாம் எல்லாத்துக்கும் பொருந்தாது. தகர டிராயர் பிரெட் வெக்கிறதுக்கு, எலி கடிக்காது, சீக்கிரம் காயாது, ஓட்டை இருக்கிறதால பூசணமும் சட்டுனு பிடிக்காது. குட்டி கதவு பால்காரருக்கு, அவர் வெளியிலேர்ந்து பாட்டிலை வெச்சிட்டு போவார், நீங்க உள்ளேர்ந்து எடுத்துக்கலாம்.

சிங்குக்கு கீழ லேபிள் இருக்கான்னு பாருங்க, ‘யங்ஸ்டவுன் கிச்சன்ஸ்’னு இருந்தா உங்க ஓஹையோ சரக்குதான், முல்லின்ஸ் கம்பெனி பண்ணது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் ஸ்டீல் தாராளமா கிடைக்க ஆரம்பிச்சப்ப இந்த இரும்பு கிச்சன் ஓகோன்னு ஓடிச்சு. துரு இருந்தா கார் பெயின்ட் அடிக்கிற ஷாப்லயே கொடுத்து அடிச்சு வாங்கிடலாம், கரையான் பிரச்சனையும் கிடையாது. இப்ப வர்ற அமுக்கின தூள் பலகை தண்ணி பட்டா உப்பிடும், அதுக்கா இதை தூக்கி போடுவீங்க?

டெட்ராய்ட்_மாமா:
ஆசை எல்லாம் சரி, முதல்ல பெயின்டை டெஸ்ட் பண்ணுங்கம்மா. இங்க வீட்டு பெயின்ட்ல ஈயத்தை 1978-லதான் தடை பண்ணாங்க, அதனால சுரண்டவே சுரண்டாதீங்க. தரையில 9 இன்ச் டைல் இருந்தா ஆஸ்பெஸ்டாஸா (தூளா மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆகாது) இருக்க வாய்ப்பு அதிகம், உடையாம இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும், மேலயே புது தரை போட்டுக்கலாம். பிளக் பாயிண்ட்ல ரெண்டு ஓட்டைதான்னா எர்த் இல்லைன்னு அர்த்தம், கிரைண்டர் போடறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனை கூப்பிடுங்க. அந்த மோட்டாரையும் அவர் பாத்தப்புறம் ஆன் பண்ணா போதும்.

ரசப்பொடி:
ரொம்ப தேங்க்ஸ் ரெண்டு பேருக்கும்! அதுல இட்லி மாவு ஆட்டலாமா 🙈

பழையவீட்டு_பைத்தியம்:
சட்னியோட நிறுத்திக்கோங்க 😂

மிளகாய்வத்தல்:
எங்க வீடும் அந்த காலத்துதான். செவுத்துல வட்டமா, சங்கிலி இழுத்தா ஓடற ஃபேன் இருக்கா? இருந்தா அதை மட்டும் விட்டுடாதீங்க, அது புகையை நேரா வெளிய தள்ளும். இப்ப நிறைய வீட்டுல அடுப்பு மேல இருக்கிற ஹூட் புகையை வடிகட்டி திரும்ப வீட்டுக்குள்ளயே விடுது, மிளகாய் தாளிச்சா பெட்ரூம் வரைக்கும் இருமல். இன்னொண்ணு, செவுத்துல பதிச்ச ஓவன் இருந்து மாத்தணும்னா அளவை எடுத்துட்டு கடைக்கு போங்க, பழசு நிறைய 24 இன்ச், இப்ப வர்றது பெரும்பாலும் 27, 30.

ரசப்பொடி:
ஃபேன் இருக்கு, ஓடுது, எண்ணெய் பிசுக்குதான் ஒரு இன்ச் கனத்துக்கு. லேபிளும் பாத்தேன், யங்ஸ்டவுனேதான்! வீட்டுக்காரர்கிட்ட பெயின்ட் அடிக்கிற செலவையும் புது கபோர்டு விலையையும் சேத்து காட்டியிருக்கேன், ஆள் இப்ப கொஞ்சம் யோசிக்கிறார்.