அடித்தகட்டுத் தடிமன்: நிகரம், ஈடு, கொள்முதல்

அன்புள்ள குழுவினருக்கு,

எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டி வடிவமைப்பு மென்பொருளைத் தமிழாக்கும் சொற்பட்டியலில், தொட்டியின் அடியில் பரப்பும் எஃகுத் தகட்டுக்கான "அடித்தகடு" என்ற சொல்லை ஏற்கிறேன். நாகப்பட்டினம், திருவாரூர்ப் பட்டறைகளில் "பாட்டம் பிளேட்" என்பார்கள். அடித்தகடு என்றாலும் விளக்கம் கேட்கமாட்டார்கள். என் தயக்கம், திரையில் அதன் தடிமனைக் காட்டும் கட்டங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பெயர்களைப் பற்றியது.

"கணக்கிட்ட தடிமன்" என்ற பெயர் சுவர்த் தகட்டுக்குச் சரி. தொட்டியின் விட்டம், திரவத்தின் உயரம், அதன் ஒப்படர்த்தி, எஃகுக்கு அனுமதிக்கப்பட்ட தகைவு (ஸ்ட்ரெஸ்) ஆகியவற்றைச் சூத்திரத்தில் இட்டு அதைப் பெறுகிறோம். அடித்தகட்டுக்கு அப்படியொரு சூத்திரம் கிடையாது. கால்களின்மேல் நிற்கும் பத்தாயத்தின் அடிப்பலகை நெல்லின் பாரத்தைத் தானே தாங்கியாக வேண்டும். மண்மேடையில் முழுவதுமாகப் படிந்து கிடக்கும் தொட்டியின் அடித்தகடோ பாரத்தைக் கீழே கடத்திவிட்டு, பெரும்பாலும் கசிவைத் தடுக்கும் வேலையையே செய்கிறது. ஆகவேதான் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தொட்டி வடிவமைப்பு நெறிமுறையான ஏபிஐ 650, எண்ணெய் எத்தனை மீட்டர் உயரம் நின்றாலும், அரிமானத்துக்கான ஈட்டை, அதாவது துருப்பிடித்துத் தேயும் என்று முன்கூட்டியே சேர்க்கும் தடிமனை, கழித்தபின் அடித்தகடு 6 மி.மீட்டருக்குக் குறையலாகாது என்று கீழ்வரம்பை வகுக்கிறது. அந்த வரம்போடு ஈட்டைக் கூட்டி, சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவைத் தேர்வதே மென்பொருளின் வேலை என்பதால், "தடிமன் தீர்மானம்" என்ற தலைப்பே பொருந்தும்.

அந்த 6 மி.மீட்டரை "நிகரத் தடிமன்" எனலாம். "எஞ்சிய தடிமன்" என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். நல்ல சொல்தான், ஆனால் அது ஆய்வின்போது மீயொலிக் கருவியால் அளக்கும் தடிமனுக்குத் தேவைப்படும். பயன்பாட்டிலுள்ள தொட்டிகளுக்கான ஏபிஐ 653, கசிவைக் கண்டறிந்து தேக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், அடுத்த ஆய்வு வரும்வரை அடித்தகட்டில் குறைந்தது 2.5 மி.மீ. மீந்திருக்க வேண்டும் என்கிறது. வடிவமைப்பின் 6, ஆய்வின் 2.5 ஆகிய இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், படிப்பவர் எந்த எண்ணை நம்புவார்?

"அரிப்பு ஈடு" என்பதைவிட "அரிமான ஈடு" மேல். நம் பக்கத்தில் அரிப்பு என்றால் கொள்ளிடக் கரைதான் முதலில் நினைவுக்கு வரும். மேலும், இதை ஒரே கட்டமாக விடாமல் உட்புறம், மண்புறம் என்று பிரிக்கவேண்டும் என்பது என் கருத்து. உள்ளே எண்ணெயின் அடியில் தங்கும் நீர் தகட்டை அரிக்கிறது. வெளியே, நரிமணம், பனங்குடி போன்ற கடலுக்கு அருகிலுள்ள ஊர்களின் உவர்நீர் கீழிருந்து அரிக்கிறது. காரணங்கள் வெவ்வேறு, தடுப்பு முறைகளும் வெவ்வேறு. (களிமண் படுகை தாழ்வதைத் தகட்டின் தடிமனைக் கூட்டித் தீர்க்க முடியாது, அது அடித்தளம் அமைப்பவரின் பாடு. அதற்கான சொற்களைத் தனி இழையில் பேசுவோம்.)

"பெயரளவுத் தடிமன்" என்பதை மட்டும் நான் உறுதியாக மறுக்கிறேன். பேருக்கு இருப்பது என்ற பொருள் தமிழில் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. உண்மையில் அந்தத் தடிமனுக்குத்தான் ஆலையில் ஆணை கொடுக்கிறோம். நிகரம் 6 மி.மீ., ஈடு 1.5 மி.மீ. என்றால் 7.5 ஆகும், 8 மி.மீ. தகடு வாங்குகிறோம். அந்த 8-க்குக் "கொள்முதல் தடிமன்" என்பேன். டெல்டாக்காரர்களுக்கு நெல்தான் நினைவுக்கு வரும், வரட்டுமே.

கடைசியாக, சுவருக்கு அடியில் ஓடும் ஆனுலர் பிளேட்டை "விளிம்புத் தகடு" என்றால் குழாய் இணைப்பின் பிளாஞ்சோடு குழம்பும். "வளையத் தகடு" போதும். அதற்குத் தனிக் கட்டம் வேண்டும். ஏனெனில் அதன் தடிமன் சுவரின் முதல் அடுக்கின் தடிமனையும் அங்குள்ள தகைவையும் பொறுத்து மாறுகிறது. சுவரின் உட்பக்கத்திலிருந்து குறைந்தது 600 மி.மீ. உள்நோக்கி நீளவேண்டும் என்ற அகல வரம்பும் அதற்கு உண்டு.