பழைய பித்தளை மோர்ஸ் கீ: நீட்டு ஒலி நடுவிலை அறுந்து போகுது

கேள்வி (கொக்குவில்):
அண்ணைமார், மோர்ஸ் தந்திக் குறி அடிக்கிற, மரப்பலகையிலை பூட்டின பழைய கை கீ ஒண்டு, முழுக்கக் களிம்பு. மல்டிமீற்றர் பிடிச்சு அழுத்தினால் 0.4 ஓமிலை இருந்து 30 ஓம் வரைக்கும் ஆடுது. ரேடியோ செட்டிலை 'டா' (நீட்டு ஒலி) கரகரத்து அறுந்து போகுது. வேறை செட்டிலை பூட்டினால் அழுத்திப் பிடிக்க 'டிட்' 'டிட்' எண்டு குறுக்கு ஒலி தானா ஓடுது. அழுத்தேக்கை ஒண்டோடை ஒண்டு முட்டுற முனையைச் சாண்ட்பேப்பராலை தேய்க்கலாமோ?

பதில் (பருத்தித்துறை):
தேய்க்காதேங்கோ தம்பி. முனை பெரும்பாலும் வெள்ளி. கீறல் விழுந்தால் அதுக்குள்ளை அழுக்குத் தங்கும். வெள்ளைக் கடதாசித் துண்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலிலை நனைச்சு, இரண்டு முனைக்கும் நடுவிலை வைச்சு மெல்ல அழுத்தி இழுங்கோ. கறுப்பு ஒட்டாமல் வரும்வரை கடதாசியை மாத்துங்கோ. கடைசி இழுவை காய்ஞ்ச கடதாசி.

பித்தளைக்குப் பழப்புளி போதும், ஆனால் கழட்டித்தான். பூட்டினபடி பூசினால் திருகாணிப் புரிக்குள்ளை புளி நிண்டு, திரும்பப் பச்சை கக்கும். ஐஞ்சு நிமிசம் புளித்தண்ணி, பிறகு அப்பச்சோடாத் தண்ணி, பிறகு அலசல். எங்கடை கரையோரக் கிணத்துத் தண்ணி உப்பு. கடைசி அலசலுக்குப் பற்றரிக்கு விடுற தண்ணி எடுங்கோ. ஸ்பிறிங்கையும் இரும்புத் திருகாணியையும் புளியிலை போடக்கூடாது. விரல் பிடிக்கிற குமிழ் எபனைட் (கடினமாக்கின றப்பர்) எண்டால் வெந்நீரும் வெயிலும் காட்டாதேங்கோ, கறுப்பு மண்ணிறமாப் போயிடும்.

பதில் (நல்லூர்):
அந்த 30 ஓம் முனையிலை மட்டும் இல்லை. கீயின்ரை மேலை கீழை ஆடுற பித்தளைக் கையைத் தாங்கிற இரண்டு கூர்த் திருகாணிக்குள்ளாலைதான் மின்சாரம் போகுது; அங்கை பழைய எண்ணெய் பிசினாகிக் கிடக்கும். வால்வு செட்டுக் காலத்திலை கீயிலை 100 வோல்ற்றுக்கு மேலையும் நிண்டது, அழுக்கைத் துளைச்சுப் போகும். இப்பத்தைச் செட்டிலை சில வோல்ற்றும் சில மில்லி அம்பியரும்தான். அந்தப் பலம் காணாது.

பல இழைச் செம்புக் கம்பி ஒரு 4 சென்ரிமீற்றர் எடுத்து, கைக்கும் சட்டத்துக்கும் நடுவிலை தொய்வாப் பூட்டுங்கோ. விறைப்பா விட்டால் கை பாரமாகும். கூர்த் திருகாணியைப் பக்க ஆட்டம் நிக்கும்வரை இறுக்கி, ஒரு மயிரிழை பின்வாங்கி, பூட்டு நட்டைப் பிடியுங்கோ. ஸ்பிறிங்கைத் தளர்த்தினால் கை தன்ரை பாரத்திலேயே விழவேணும். விழேல்லை எண்டால் இறுக்கம் கூட.

முனை இடைவெளிக்கு ஃபொட்டோகொப்பிக் கடதாசி மூண்டு தாள். அது கிட்டத்தட்ட 0.3 மில்லிமீற்றர். உங்கடை கை பழகினாப் பிறகு குறையுங்கோ. ஸ்பிறிங் தளர்வா இருந்தால் 'டிட்' எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

பதில் (சாவகச்சேரி):
தானா ஓடுற 'டிட்' கீயின்ரை பிழை இல்லை. அந்தச் செட்டிலை மின் கீயர் ('டிட்', 'டா'வைத் தானா உண்டாக்கிற சுற்று) வேலை செய்யுது, மெனுவிலை ஸ்ட்ரெயிட் கீக்கு, அதாவது கை கீக்கு மாத்துங்கோ. 3.5 மில்லிமீற்றர் ஸ்ரீரியோ பிளக்கிலை நுனிக்கும் அடிக்கும் மட்டும் வயர், நடு வளையம் வெறுமை. பிரேக்-இன்னை (கீ அழுத்தத் தானா ஒலிபரப்புற வசதி) நிப்பாட்டி, செட்டின்ரை சைட்ரோனிலை (நீங்கள் அடிக்கிறதை உங்களுக்கே கேக்கப் பண்ணுற ஒலி) முதல் கேளுங்கோ: நிமிசத்துக்கு 12 சொல்லிலை 'டிட்' 100 மில்லிசெக்கன், 'டா' 300.

கேட்டவர்:
கம்பி பூட்டியாச்சு. எவ்வளவு நேரம் அழுத்தினாலும் 0.2 ஓமிலை அசையாமல் நிக்குது. நன்றி அண்ணைமார்.