வெங்காயத்தாமரை வேரை உலுக்கினால் நத்தையும் சேறும்தான் வருகிறது. பூச்சிகளெல்லாம் எங்கே?

ஏரிக்கரை11

கல்லூரி விலங்கியல் புராஜெக்ட். செங்கல்பட்டு பக்கம் ஓர் ஏரி, பாதிக்கு மேல் வெங்காயத்தாமரை மூடியிருக்கிறது. வேரில் வாழும் சிற்றுயிர்களைக் கணக்கெடுக்கணும். செடியைப் பிடுங்கி, கரைக்குக் கொண்டுவந்து, வாளித் தண்ணீரில் உலுக்கி, டீ வடிகட்டியில் வடிக்கிறோம். சில நத்தை, கொஞ்சம் புழு, மீதி கருப்புச் சேறு. எங்கே கோட்டை விடுகிறோம்? முடிவை 'ஒரு செடிக்கு இத்தனை' என்று எழுதலாமா? எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடலாமா?

வேர்முடிச்சு

பிடுங்கும்போதே பாதி போய்விடுகிறது. செடி மேலே வந்ததும் வேருக்குள் நிற்கும் தண்ணீர் கொட்டும். இறால் குஞ்சு, ஊசித்தட்டான் நிம்ஃப் (இறகு முளைக்காத இளம்பூச்சி), நீர்த்தெள்ளு எல்லாம் அதோடு இறங்கிவிடும். ஒட்டிக்கொள்ளத் தெரிந்த நத்தையும் புழுவும்தான் கரை வரை வரும்.

செய்ய வேண்டியது: முதலில் செடியைப் பக்கத்துச் செடிகளோடு இணைக்கும் ஓடுதண்டுகளைக் கத்தரியால் வெட்டுங்கள், செடியை அசைக்காமல். பிறகு ஒரு வலைப்பையை வேருக்குக் கீழே நன்றாக ஆழத்தில் இறக்கி, அங்கிருந்து மெதுவாக மேலே கொண்டுவந்து, வேர் முழுக்கப் பைக்குள் வந்ததும் பையின் வாயைச் செடியின் கழுத்துப் பகுதியில் சுருக்குங்கள். தண்ணீருக்கு வெளியே தூக்குவது அதற்குப் பிறகுதான். பக்கவாட்டில் செருகினால் வேர் மடங்கும், உள்ளே இருப்பவை தப்பிக்கும். பைத்துணி ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கண் 250 மைக்ரான் அளவில் கேளுங்கள். அதைவிட நுண்ணியதாகப் போனால் சேற்றில் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காது. டீ வடிகட்டி வேண்டாம், சின்னப் புழுக்களும் நீர்த்தெள்ளும் அதன் கண் வழியே போய்விடும்.

இன்னொன்று, எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது. அடர்ந்த செடி மெத்தையின் நடுவில் அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. அங்கே சிவப்பு ரத்தப்புழு, நைடிட் புழு (மண்புழு வகையைச் சேர்ந்த சின்ன நீர்ப்புழு), மேலே வந்து காற்றை எடுக்கும் நத்தை, இவைதான் தாக்குப்பிடிக்கும். திறந்த தண்ணீரை ஒட்டிய ஓரத்தில் மேஃபிளை நிம்ஃப், ஊசித்தட்டான், காரிடினா இறால் எல்லாம் சேரும். ஓரமும் நடுவும் தனித்தனிக் கணக்கு. கலந்தால் அந்தச் சராசரிக்கு அர்த்தமே கிடையாது.

'செடிக்கு இத்தனை' வேண்டாம். சத்து அதிகமுள்ள, சாக்கடை கலக்கும் தண்ணீரில் வேர் குட்டையாக இருக்கும், சத்து குறைந்த இடத்தில் நீளும். அதே ஏரியில் வாய்க்கால் வாயிலும் கலங்கல் பக்கமும் வேர் அளவே வேறு. வேரை வெட்டி 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, '10 கிராம் உலர் வேருக்கு இத்தனை' என்று எழுதுங்கள்.

தட்டான்பிடி

மேலே சொன்னது சேகரிப்பு. பிரித்தெடுப்பதிலும் அதே அளவு தொலையும்.

உலுக்குவது மட்டும் போதாது. வேரை 3, 4 செ.மீ. துண்டாக நறுக்கி, வெள்ளைத் தட்டில் ஒரு விரல்கடைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்புங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கருப்பு வேருக்குள் கருப்புப் புழு தெரியவே தெரியாது. ஐந்து நிமிடம் ஆடாமல் விட்டால் உயிருள்ளவை தாமாக அசையும். வேர்நுனியில் ஒரு தூசு சட்டென்று நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தால் அது ஆஸ்ட்ரகாட் என்ற சின்ன ஓட்டுயிர், கைலென்ஸில் இரண்டு ஓடு தெரியும். இங்க் ஃபில்லரின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு அதால் உறிஞ்சுங்கள். சாமணத்தில் பிடித்தால் ஊசித்தட்டானின் வால்நுனியிலுள்ள மூன்று செவுளும் உதிரும், அடையாளம் காண அவை தேவை.

தட்டான் நிம்ஃபையும் முதுகில் முட்டை சுமக்கும் டிப்லோனிகஸ் பூச்சியையும் முதலிலேயே தனி டப்பாவில் போடுங்கள். கூட விட்டால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் மற்றவை காலி.

பாதுகாக்க 70% ஆல்கஹால். பொருளைப்போல் மூன்று மடங்கு ஊற்றி, மறுநாள் மாற்றுங்கள், உடலிலிருக்கும் நீர் கலந்து வீரியம் குறைந்துவிடும். ஃபார்மலின் நத்தைக்கும் ஆஸ்ட்ரகாட்டுக்கும் ஆகாது. நாளடைவில் அதன் அமிலம் சுண்ணாம்பு ஓட்டைக் கரைத்துவிடும். நீர்த்தெள்ளுக்கு மட்டும் 4% ஃபார்மலினில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை போட்டுக் குளிரவைத்துப் பயன்படுத்துவார்கள். சர்க்கரை இல்லாவிட்டால் ஓடு உப்பி முட்டைகள் வெளியே கொட்டிவிடும்.

நன்னீர்_நோட்டு

வேர்த் துண்டுகளைச் குடிக்கும் சாதா சோடாவில் சில நிமிடம் ஊறவைத்தால் புழுக்கள் மயங்கிப் பிடி விடும், நேராகவும் நீளும். ஆல்கஹாலில் நேரடியாகப் போட்டால் சுருண்டு உருண்டையாகிவிடும், நைடிட்டா வேறா என்று சொல்ல முடியாது.

தட்டான்பிடி

புழுவுக்குச் சரி. ஆனால் அசைவை வைத்துப் பொறுக்கும் வேலை முடிந்த பிறகு செய்யச் சொல்லுங்கள். முதலிலேயே சோடா ஊற்றினால் எல்லாம் அடங்கிவிடும், கண்ணுக்குப் படாது.

ஏரிக்கரை11

நன்றி. வலைப்பை முறையில் இன்று எடுத்ததில் ஏகப்பட்டது. இரண்டு சந்தேகம். கொசுப்புழு மாதிரி ஒன்று மேலே மூச்சுவிட வராமல், வாலை வேரில் குத்திக்கொண்டு தொங்குகிறது. இன்னொன்று, வேரில் 5 மி.மீ. அளவில் உருண்டைகள், விதையா?

வேர்முடிச்சு

முதலாவது மான்சோனியா கொசுவின் புழு. அதன் மூச்சுக்குழல் குட்டை, நுனி ரம்பம்போல் கூர்மை. வேரிலுள்ள காற்றறைகளைத் துளைத்து ஆக்ஸிஜன் எடுக்கும், கூட்டுப்புழுவும் அப்படியே. தண்ணீர் மேல் எண்ணெய் தெளித்து இதை ஒழிக்க முடியாததற்குக் காரணம் இதுதான். கேரளத்தில் சேர்த்தலைப் பகுதியில் புருகியா மலாயி என்ற ஒட்டுண்ணிப் புழுவால் வரும் யானைக்கால் நோயைப் பரப்பியது இந்த இனக் கொசுதான். அங்கே குளத்துப் பிஸ்டியாவை (ஆகாயத்தாமரை) அகற்றுவதே கட்டுப்பாட்டின் முக்கிய பகுதியாக இருந்தது. கணக்கெடுக்க: செடியைத் தண்ணீருள்ள அன்னக்கூடையில் வேகமாக அலசி, எடுத்துவிட்டு, கால்மணி நேரம் விடுங்கள். கழன்றவை அடியில் தங்கும். அலசிய வேரையும் ஒரு முறை பாருங்கள், விடாப்பிடியாகச் சில இருக்கும்.

உருண்டை விதையல்ல, நியோகெட்டினா கூன்வண்டின் கூடு. வெங்காயத்தாமரையைத் தின்பதற்கென்றே 1980களில் பெங்களூரிலிருந்து விடப்பட்ட வண்டு. இலைமேல் சின்னச் சின்னச் செவ்வகத் தழும்பு இருந்தால் உறுதி. பகலில் வண்டு இலைக்காம்புகளின் அடியில் ஒளிந்திருக்கும், அங்கே விரித்துப் பாருங்கள். இதை வேர்ச் சிற்றுயிர்க் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் குறியுங்கள்.

ரப்பர் கையுறை கட்டாயம். இன்டோபிளானார்பிஸ் நத்தை இருக்கும் தண்ணீரில் செர்கேரியா (நத்தையிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணியின் இளம்புழு) தோலில் புகுந்து அரிப்பு வரலாம். வேலை முடிந்த செடியைத் தண்ணீரிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். வெயிலில் கருகும்வரை காயவிடுங்கள், பையையும் உதறிக் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்கு எடுத்துப் போங்கள்.